விக்கிப்பீடியாவை நம்பித் தீர்ப்புச் சொல்லலாமா?

நண்பர்களோடு சாப்பிட உட்கார்ந்திருக்கிறீர்கள். பேச்சுவாக்கில் ஒரு வாக்குவாதம். "இல்லடா, அது அப்படி இல்ல" என்கிறார் ஒருவர். இன்னொருவர் கைத்தொலைபேசியை எடுத்துத் தேடுகிறார். முதல் வரிசையிலேயே விக்கிப்பீடியா. "பாத்தியா, நான் சொன்னேன்ல!" வாக்குவாதம் முடிந்தது.

அந்தப் பக்கத்தில் இருந்தது தவறாகவே இருந்தாலும் பெரிய நட்டம் இல்லை. அடுத்த வாரம் யாராவது கண்டுபிடித்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம்.

ஆனால் அதே தேடலை ஒரு நீதிபதி செய்தால்? அந்தப் பக்கத்தை வைத்து ஒருவருக்கு நாட்டில் தங்க இடம் உண்டா இல்லையா என்று முடிவு செய்தால்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. அமெரிக்கா, இந்தியா, அயர்லந்து என்று பல நாடுகளின் நீதிமன்றங்கள் இதைச் சந்தித்திருக்கின்றன. அவை என்ன சொல்லின? நம் வட்டாரத்தில் சட்டம் என்ன சொல்கிறது? பார்ப்போம்.

ஒரு பயணப் பத்திரம், ஒரு விக்கிப்பீடியா பக்கம்

எத்தியோப்பியாவைச் சேர்ந்த ஒரு பெண் அமெரிக்காவில் அடைக்கலம் கேட்டார். அடைக்கலம் கேட்பவர் முதலில் தாம் யார் என்பதை நிரூபிக்க வேண்டும். அதற்கு அவர் காட்டிய ஆவணங்களில் ஒன்று எத்தியோப்பிய அரசாங்கம் கொடுத்த 'லெசே-பாசே' எனும் பயணப் பத்திரம். கடப்பிதழ் இல்லாதவர்கள் பயணம் செய்வதற்காகச் சில அரசாங்கங்கள் கொடுக்கும் தாள் அது.

அந்தப் பத்திரத்துக்கு எவ்வளவு மதிப்பு? அதை விளக்க அமெரிக்க அரசாங்கத் தரப்பு சில தகவல்களை நீதிபதியிடம் கொடுத்தது. அவற்றில் ஒன்று விக்கிப்பீடியா பக்கம். விண்ணப்பிப்பவர் சொல்லும் விவரங்களை வைத்தே கொடுக்கப்படும் ஒருவழிப் பயணப் பத்திரம் அது என்று அரசாங்கத் தரப்பு வாதிட்டது. அதை வைத்து அடையாளத்தை உறுதிசெய்ய முடியாது என்று குடிநுழைவு நீதிபதி முடிவு செய்தார்.

பெண் மேல்முறையீடு செய்தார். விக்கிப்பீடியாவைப் பயன்படுத்துவதைத் தான் ஊக்குவிக்கவில்லை என்றது குடிநுழைவு மேல்முறையீட்டு வாரியம். ஆனாலும் முடிவை அது மாற்றவில்லை.

வழக்கு 8ஆம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 2008 ஆகஸ்ட் மாதம் தீர்ப்பு வந்தது. விக்கிப்பீடியா தன்னைப் பற்றியே என்ன சொல்லிக்கொள்கிறது என்பதை அந்த நீதிமன்றம் எடுத்துப் பார்த்தது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், ஒரு கட்டுரை எந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கும் என்று உறுதி கூற முடியாது என்பதை அந்தத் தளமே ஒப்புக்கொள்கிறது.

விக்கிப்பீடியா பக்கத்தை எடுத்துவிட்டால், மீதமுள்ள ஆதாரம் மட்டும் அதே முடிவுக்குப் போதுமா? வாரியம் அதை விளக்கவில்லை. அதனால் வழக்கு திருப்பி அனுப்பப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'அந்தப் பெண் சொன்னது சரி' என்று நீதிமன்றம் சொல்லவில்லை. 'விக்கிப்பீடியா சொன்னது தவறு' என்றும் சொல்லவில்லை. ஒருவரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் முடிவு எதன்மேல் நிற்கிறது என்பதை விளக்கியாக வேண்டும் என்பதுதான் அதன் நிலை.

விக்கிப்பீடியா அவ்வளவு மோசமா?

இல்லை. நியாயமாகப் பார்ப்போம்.

விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் வந்தது. சம்பளம் வாங்காத தொண்டூழியர்கள் எழுதுகிறார்கள், திருத்துகிறார்கள், ஒருவரோடு ஒருவர் வாதாடுகிறார்கள். ஒவ்வொரு திருத்தமும் பதிவாகிறது. எந்தத் தேதியில் எந்தச் சொல் மாறியது என்பதைக்கூட 'வரலாறு' என்ற பகுதியில் பார்க்கலாம். அச்சிட்ட கலைக்களஞ்சியத்தில் அந்த வசதி கிடையாது.

2005இல் 'நேச்சர்' அறிவியல் சஞ்சிகை ஓர் ஒப்பீடு செய்தது. 42 அறிவியல் கட்டுரைகளை எடுத்து, விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தையும் நிபுணர்களிடம் கொடுத்துப் பார்த்தது. விக்கிப்பீடியாவில் 162 பிழைகள். பிரிட்டானிக்காவில் 123. ஒரு கட்டுரைக்குச் சராசரியாக நான்கு, மூன்று என்ற கணக்கு. பிரிட்டானிக்கா அந்த ஆய்வை ஏற்கவில்லை. ஆய்வு செய்த விதமே தவறு என்று மறுத்தது. இருந்தாலும் பலர் எதிர்பார்த்த அளவுக்கு இடைவெளி பெரிதாக இல்லை என்பது தெரிந்தது.

அதே 2005இல் இன்னொரு சம்பவம். அமெரிக்காவின் மூத்த செய்தியாளர் ஜான் சீகந்தாலரைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கத்தில் யாரோ ஒரு பொய்யை எழுதிவிட்டார். அதிபர் கென்னடியின் கொலையில் அவருக்குத் தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டதாக! ஏறக்குறைய நான்கு மாதங்கள் அது அப்படியே இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

2022இல் சீன விக்கிப்பீடியாவில் இதைவிடப் பெரிய மோசடி வெளிவந்தது. இடைக்கால ரஷ்யாவைப் பற்றி ஒரே பயனீட்டாளர் 200க்கும் மேற்பட்ட கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக எழுதியிருந்தார். பெரும்பாலும் கற்பனை. போர்கள், சுரங்கங்கள், பிரபுக்கள் எல்லாம் இட்டுக்கட்டியவை. அடிக்குறிப்புகள்கூட இருந்தன! பார்ப்பதற்கு எல்லாம் நம்பும்படியாகவே இருந்தது.

இந்த இரண்டு சம்பவங்களும் காட்டுவது ஒன்றே. நிறையப் பேர் படிக்கும், திருத்தும் பக்கங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். யாரும் எட்டிப்பார்க்காத மூலைகளில்தான் ஆபத்து. நீதிமன்றத்துக்கு வரும் கேள்விகளோ பெரும்பாலும் அந்த மூலைகளைப் பற்றியவை. எத்தியோப்பியாவின் பயணப் பத்திரத்தைப் பற்றிய பக்கத்தை ஒரு நாளைக்கு எத்தனை பேர் சரிபார்த்திருப்பார்கள்?

நீதிபதிகள் உண்மையிலேயே பார்க்கிறார்களா?

பார்க்கிறார்கள். 'நியூயார்க் டைம்ஸ்' நாளேடு 2007 தொடக்கத்தில் ஒரு கணக்கு எடுத்தது. 2004 முதல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட தீர்ப்புகள் விக்கிப்பீடியாவை நாடியிருந்தன.

ஆனால் இதெல்லாம் நீதிபதிகள் வெளிப்படையாகக் குறிப்பிட்டவை மட்டும். படித்துவிட்டுக் குறிப்பிடாமல் விட்டால்? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அயர்லந்தில் ஆய்வாளர்கள் ஒரு சுவாரசியமான சோதனை செய்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தையும் அயர்லந்தின் மேனூத் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள் அதை வழிநடத்தினர். அயர்லந்து உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றி விக்கிப்பீடியாவில் அப்போது மிகக் குறைவான கட்டுரைகளே இருந்தன. சட்ட மாணவர்களைக் கொண்டு 150க்கும் மேற்பட்ட புதிய கட்டுரைகளை எழுத வைத்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் பாதிக் கட்டுரைகளை மட்டும் தேர்ந்தெடுத்து விக்கிப்பீடியாவில் ஏற்றினார்கள். மீதிப் பாதியைக் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். பிறகு காத்திருந்தார்கள்.

2022இல் முடிவு வந்தது. விக்கிப்பீடியாவில் கட்டுரை இருந்த தீர்ப்புகளைப் பின்னர் வந்த தீர்ப்புகள் மேற்கோள் காட்டுவது 20 விழுக்காட்டுக்கும் மேல் கூடியிருந்தது. அதுமட்டுமல்ல, சில தீர்ப்புகளின் சொல்நடையே அந்தக் கட்டுரைகளின் சொல்நடையை ஒத்திருந்தது.

இந்த மாற்றம் முக்கியமாக உயர் நீதிமன்றத்தில்தான் தெரிந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் தெரியவில்லை. ஏன்? உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு வேலைப்பளு அதிகம், நேரம் குறைவு என்பது ஆய்வாளர்களின் ஊகம். நேரம் இல்லாதபோது யாராக இருந்தாலும் கைக்கு எட்டியதை எடுப்பது இயல்புதானே.

அந்தக் கட்டுரைகள் நிபுணர்கள் வழிகாட்டுதலில் எழுதப்பட்டவை. கெட்ட எண்ணத்தோடு ஒருவர் எழுதியிருந்தால்? தன் வழக்குக்குச் சாதகமாக ஒரு கட்சிக்காரரே பக்கத்தைத் திருத்தியிருந்தால்? இந்தச் சோதனை எழுப்பும் மிகச் சங்கடமான கேள்வி இதுதான்.

இந்தியா: ஒரே நீதிமன்றம், இரண்டு அணுகுமுறை

2010இல் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வழக்கு இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு பெண் ஜீவனாம்சம் கேட்டிருந்தார். குடும்ப வன்முறைக்கு எதிரான 2005ஆம் ஆண்டுச் சட்டம், 'திருமணம் போன்ற உறவில்' இருந்த பெண்களுக்கும் பாதுகாப்புக் கொடுக்கிறது. ஆனால் 'திருமணம் போன்ற உறவு' என்றால் என்ன என்பதை அந்தச் சட்டம் விளக்கவில்லை.

நீதிமன்றம் அதை மேல்நாடுகளின் 'பொதுச் சட்டத் திருமணத்தோடு' ஒப்பிட்டது. அத்தகைய உறவுக்கு நான்கு நிபந்தனைகளையும் பட்டியலிட்டது. இருவரும் ஊர் உலகத்துக்குக் கணவன் மனைவிபோல் வாழ்ந்திருக்க வேண்டும். திருமண வயதை எட்டியிருக்க வேண்டும். சட்டப்படி திருமணம் செய்யத் தடையில்லாதவர்களாக இருக்க வேண்டும். விரும்பிக் கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்.

விவரங்களுக்குத் தீர்ப்பு எதைக் காட்டியது தெரியுமா? விக்கிப்பீடியாவை!

நான்கு நிபந்தனைகளும் அறிவுக்குப் பொருத்தமானவையாக இருக்கலாம். ஆனால் இங்கே விக்கிப்பீடியா வெறும் பின்னணித் தகவலாக வரவில்லை. யாருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, யாருக்கு இல்லை என்ற கோட்டை வரையும் இடத்தில் வந்தது. உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கீழ் நீதிமன்றங்கள் பின்பற்றியாக வேண்டும். அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கும் பெண்ணுக்குக் கிடைப்பது வெறுங்கை.

2023 ஜனவரி 17. அதே உச்ச நீதிமன்றம், வேறு நீதிபதிகள், வேறு வழக்கு. இம்முறை ஹெச்பி நிறுவனம் இறக்குமதி செய்த 'ஆல்-இன்-ஒன்' மேசைக் கணினிகள். திரைக்குள்ளேயே எல்லாப் பாகங்களும் அடங்கிய கணினிகள் அவை. சுங்கத் தீர்வைப் பட்டியலில் அவற்றை எங்கே சேர்ப்பது? 10 கிலோவுக்கு மேற்போகாத, 'கையில் எடுத்துச் செல்லக்கூடிய' கணினிகள் என்ற பிரிவிலா, வேறு பிரிவிலா?

சுங்க அதிகாரிகள் 'எடுத்துச் செல்லக்கூடியவை' என்றார்கள். அந்த முடிவுக்கு வர, விக்கிப்பீடியா போன்ற இணையத் தளங்களை நிறையவே நம்பியிருந்தார்கள்.

நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எடை குறைவாக இருப்பதால் மட்டும் ஒரு பொருள் எடுத்துச் செல்லக்கூடியது ஆகிவிடாது. மின்சாரத்தில் செருகினால்தான் இயங்கும் கணினியை மடிக்கணினிபோல் கொண்டுபோய்ப் பயன்படுத்த முடியாது என்றது.

கூடவே ஓர் எச்சரிக்கை. இலவசமாக அறிவைக் கொடுக்கும் இந்தத் தளங்களின் பயனை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் பொதுமக்கள் கூடி எழுதித் திருத்தும் தகவல் திரட்டை, கல்வித் தரத்தில் முழுமையாக நம்ப முடியாது. அது தவறான தகவலையும் பரப்பக்கூடும் என்றது. முடிவெடுக்கும் அதிகாரிகள் இன்னும் நம்பகமான ஆதாரங்களைக் கொண்டுவரும்படி வழக்கறிஞர்களைத் தூண்ட வேண்டும் என்றும் சொன்னது.

எல்லாப் பயன்பாடும் ஒன்றுதானா?

இல்லை. இங்கேதான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நீதிமன்றத்தில் விக்கிப்பீடியா வரக்கூடிய இடங்களை நான்காகப் பிரிக்கலாம்.

*1. யாரும் மறுக்காத பின்னணித் தகவல்*

ஓர் ஊர் எங்கே இருக்கிறது, ஒரு விளையாட்டின் அடிப்படை விதி என்ன என்பது போன்றவை. இரு தரப்பும் ஏற்றுக்கொண்டால் பெரிய ஆபத்து இல்லை.

*2. மக்கள் வாயில் புழங்கும் சொல்லின் பொருள்*

இது கொஞ்சம் சுவாரசியம். 2012இல் அமெரிக்காவின் யூட்டா மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு காப்புறுதி வழக்கு வந்தது. 'ஜெட் ஸ்கீ' விபத்துகளுக்கு இழப்பீடு இல்லை என்கிறது காப்புறுதி ஒப்பந்தம். ஆனால் 'ஜெட் ஸ்கீ' என்பது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். வேறு நிறுவனம் தயாரித்த, உட்கார்ந்து ஓட்டும் நீர் வாகனத்துக்கும் அந்தப் பெயர் பொருந்துமா? நீதிமன்றம் விக்கிப்பீடியாவைப் பார்த்தது. வழக்கை விசாரித்த நீதிபதிகளில் ஒருவர் அதை ஆதரித்துத் தனியாகவே எழுதினார். பொதுமக்கள் ஒரு சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதே கேள்வி என்றால், பொதுமக்கள் எழுதும் கலைக்களஞ்சியத்தைப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஆனால் அதிலும் எல்லை உண்டு. 2017இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றத்துக்கு ஓர் அவதூறு வழக்கு வந்தது. டல்லஸ் நகரச் சஞ்சிகை ஒன்று ஒரு பெண்ணை 'வெல்ஃபேர் குவீன்' என்று தலைப்பில் குறிப்பிட்டிருந்தது. அரசாங்க உதவித்தொகையை ஏமாற்றி வாங்குபவரைக் குறிக்கும் இழிச்சொல் அது. அதன் பொருளை முடிவுசெய்யக் கீழ் நீதிமன்றம் விக்கிப்பீடியாவையே பெரிதும் சார்ந்திருந்தது. வழக்கு தொடரலாம் என்ற முடிவை டெக்சஸ் உச்ச நீதிமன்றம் ஏற்றது. விக்கிப்பீடியாமேல் அவ்வளவு பாரத்தைப் போட்டதை மட்டும் ஏற்கவில்லை. கட்டுரையை முழுதாகப் படித்துப் பார்த்தே பொருளை முடிவு செய்திருக்கலாம் என்றது.

நம் ஊர்க் கணக்கில் யோசித்துப் பாருங்கள். உங்களை யாரோ ஒருவர் இணையத்தில் 'ஆ லோங்' என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். உரிமம் இல்லாமல் வட்டிக்குக் கடன் கொடுப்பவர் என்று இங்கே எல்லாருக்கும் புரியும். விளையாட்டுக்குச் சொன்னதா, குற்றச்சாட்டா என்பதுதான் வழக்கு. அந்தப் பதிவு முழுவதையும் படிக்காமல் விக்கிப்பீடியாவின் முதல் வரியை மட்டும் வைத்து நீதிபதி முடிவு செய்தால் ஏற்பீர்களா?

*3. வழக்கே அதன்மேல்தான் நிற்கிறது என்ற தகவல்*

எத்தியோப்பியப் பெண்ணின் பயணப் பத்திரம், ஹெச்பி கணினி இரண்டும் இந்த வகை. இங்கே விக்கிப்பீடியாவுக்கு இடமில்லை என்பதில் பெரும்பாலான நீதிமன்றங்கள் ஒத்துப்போகின்றன.

*4. சட்டமே என்ன சொல்கிறது என்பது*

அயர்லந்துச் சோதனை காட்டியது இதைத்தான். பழைய தீர்ப்பு ஒன்றின் சாரத்தை விக்கிப்பீடியாவில் படித்துவிட்டு அதையே எடுத்தாள்வது. தீர்ப்பின் மூலம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, இன்னொருவர் எழுதிய சுருக்கத்தை ஏன் நம்ப வேண்டும்?

பிரச்சினை பிழை மட்டுமா?

"சரி, பக்கத்தில் இருந்தது சரியாகவே இருந்தால்? அப்போ என்ன பிரச்சினை?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி.

நீதிமன்றத்தில் ஒரு தகவல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. எதிர்த்தரப்பு அதைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பு இருக்க வேண்டும். சாட்சி கூண்டில் ஏறினால் குறுக்கு விசாரணை செய்யலாம். 'இது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் நேரில் பார்த்தீர்களா? உங்கள் தகுதி என்ன?' என்று கேட்கலாம். விக்கிப்பீடியா பக்கத்தை எழுதியவர் யார் என்றே பெரும்பாலும் தெரியாது. புனைபெயரைக் கூண்டில் ஏற்ற முடியுமா?

இரண்டாவது, விசாரணை முடிந்தபின் நீதிபதி தாமாகவே தேடிப் படித்தால், அது எதிர்த்தரப்புக்குத் தெரியவே தெரியாது. தீர்ப்பைப் படிக்கும்போதுதான் தெரியவரும். மறுத்துப் பேச வேண்டிய நேரம் அதற்குள் போய்விடும்.

மூன்றாவது, பக்கம் நிலையாக இல்லை. தீர்ப்பு வந்த அன்று அதில் இருந்த வாக்கியம் ஓராண்டு கழித்து இல்லாமல் போகலாம். பத்தாண்டு கழித்து அந்தத் தீர்ப்பைப் படிப்பவர், நீதிபதி எதைப் பார்த்தார் என்று எப்படித் தெரிந்துகொள்வார்?

கடைசிக் குறைக்கு மட்டும் எளிய தீர்வு உண்டு. விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு பக்கத்திலும் 'நிரந்தர இணைப்பு' வசதி இருக்கிறது. அந்த இணைப்பு, குறிப்பிட்ட நேரத்தில் பக்கம் இருந்த வடிவத்தையே காட்டும். மேற்கோள் காட்டியே ஆகவேண்டும் என்றால் அதைக் கொடுக்கலாம். முதல் இரண்டு குறைகளுக்கு அப்படி ஒரு பொத்தான் இல்லை.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 57ஆம் பிரிவு உண்டு. நிரூபிக்கத் தேவையில்லாமல் நீதிமன்றம் தானே ஏற்றுக்கொள்ளும் விவரங்களைப் பற்றியது அது. பொது வரலாறு, இலக்கியம், அறிவியல், கலை ஆகியவற்றில் நீதிமன்றம் 'பொருத்தமான' நூல்களையும் ஆதார ஆவணங்களையும் உதவிக்கு நாடலாம் என்று அது சொல்கிறது. சிங்கப்பூரின் 1893ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்துக்கும் இதற்கும் வேர் ஒன்றே: பிரிட்டிஷ் ஆட்சியில் எழுதப்பட்ட 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம்.

அந்தக் காலத்தில் 'ஆதார நூல்' என்றால் தடித்த அட்டை போட்ட அகராதி, கலைக்களஞ்சியம், வரைபடம். எழுதியவர் பெயர் இருக்கும், பதிப்பகம் இருக்கும், அச்சிட்ட ஆண்டு இருக்கும். இன்று அந்த 'பொருத்தமான' என்ற ஒரு சொல்தான் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது.

இணையத்தில் இருப்பதெல்லாம் ஒரே தரம் இல்லை என்பதற்கு உள்ளூரிலேயே உதாரணம் இருக்கிறது. தேசிய நூலக வாரியத்தின் 'சிங்கப்பூர் இன்ஃபோபீடியா'வும் இணையக் கலைக்களஞ்சியம்தான். ஆனால் நினைத்தவர் நினைத்தபடி அதைத் திருத்த முடியாது. பின்னால் ஒரு நிறுவனம் நிற்கிறது. தவறு இருந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும்.

இப்போது விக்கிப்பீடியாவைவிடப் பெரிய கவலை

உண்மையைச் சொன்னால், இன்று நீதிமன்றங்களின் தூக்கத்தைக் கெடுப்பது விக்கிப்பீடியா இல்லை. செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகள்.

2023இல் நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த பழைய தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். தேடிப் பார்த்தால் அப்படித் தீர்ப்புகளே இல்லை! அவர்களுக்கும் அவர்களின் நிறுவனத்துக்கும் 5,000 அமெரிக்க டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

சிங்கப்பூர் உச்ச நீதிமன்றம் 2024இல் ஒரு வழிகாட்டிக் குறிப்பை வெளியிட்டது. அது அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதி நடப்புக்கு வந்தது. இத்தகைய செயலிகளைப் பயன்படுத்தத் தடையில்லை. ஆனால் நீதிமன்றத்தில் சமர்ப்பிக்கும் ஒவ்வொன்றுக்கும் சமர்ப்பிப்பவரே பொறுப்பு. வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடுவோருக்கும் இது பொருந்தும். 2025இல், இல்லாத தீர்ப்பை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர் ஒருவர் எதிர்த்தரப்புக்கு 800 வெள்ளியைச் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்க உத்தரவிடப்பட்டது.

ஒப்பிட்டுப் பார்த்தால் விக்கிப்பீடியாவுக்கு ஒரு பெருமை உண்டு. எங்கிருந்து எடுத்தது என்று அடிக்குறிப்பில் காட்டுகிறது. யார், எப்போது மாற்றினார் என்று பதிவு வைக்கிறது. செயலி கொடுக்கும் பதிலில் அந்தத் தடம் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்தச் செயலிகள் கற்றுக்கொண்ட எழுத்துகளில் விக்கிப்பீடியாவும் ஒன்று என்பதையும் மறக்கக்கூடாது. விக்கிப்பீடியாவில் உள்ள பிழை, அடிக்குறிப்பைக் கழற்றிவிட்டு, வேறு குரலில் நம்மிடம் திரும்பி வரலாம்.

நமக்கு இதில் என்ன?

"நான் என்ன நீதிபதியா?" என்று தோன்றலாம். ஆனால் சிங்கப்பூரில் சிறு கோரல் நடுவர் மன்றத்துக்குப் போனால் உங்களுக்காக வாதாட வழக்கறிஞர் வர முடியாது. நீங்களேதான் பேச வேண்டும், நீங்களேதான் ஆதாரம் காட்ட வேண்டும். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகள் அங்கே போகும். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை.

வாங்கிய குளிர்சாதனப் பெட்டி ஒரு மாதத்தில் பழுது. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார். விக்கிப்பீடியாவிலிருந்து நான்கு பக்கங்களை அச்சிட்டு எடுத்துப் போனால் எடுபடுமா? அதைவிட இவை பலன் தரும்:

- விக்கிப்பீடியாவைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள அடிக்குறிப்புகளுக்குப் போய் மூல ஆவணத்தைத் தேடுங்கள். அதை எடுத்துப் போங்கள்.

- சட்டம் வேண்டும் என்றால் சட்டத்தையே படியுங்கள். சிங்கப்பூரின் சட்டங்கள் அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

- பொருளைப் பற்றிய வழக்கு என்றால் தயாரிப்பாளரின் கையேடு, ரசீது, உத்தரவாத அட்டை, பழுதுபார்த்தவரின் அறிக்கை ஆகியவற்றைச் சேகரியுங்கள். எழுதியவர் பெயரும் தேதியும் இருக்கட்டும்.

- இணையப் பக்கத்தைக் காட்டியே ஆகவேண்டும் என்றால் பார்த்த தேதி, நேரம், நிரந்தர இணைப்பு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

- எதிர்த்தரப்பு விக்கிப்பீடியாவைக் காட்டினால் பதறவேண்டாம். பக்கத்தின் 'வரலாறு' பகுதியைத் திறந்து, அந்த வாக்கியம் எப்போது சேர்க்கப்பட்டது என்று பாருங்கள். போன வாரம்தான் சேர்த்திருக்கிறார்கள் என்றால், அதை நடுவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக

நீதிமன்றங்கள் பொதுமக்கள் எழுதும் கலைக்களஞ்சியங்களை நம்பலாமா? இதுவரை வந்த வழக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் பதில் இப்படித் தெரிகிறது: தேடலைத் தொடங்க நம்பலாம். யாரும் மறுக்காத சின்ன விவரத்துக்கு நம்பலாம். மக்கள் வழக்கில் உள்ள சொல்லுக்குக் கவனத்தோடு நம்பலாம். ஒருவருடைய உரிமையோ பணமோ வீடோ அதன்மேல் நின்றால், அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எத்தியோப்பியாவிலிருந்து வந்த அந்தப் பெண் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தம் கையில் இருந்த தாளை, அதைப் பற்றித் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லட்டும் என்பதே. நாளைக்கு நம் கையில் ஒரு தாள் இருந்தால் நாமும் அதைத்தான் கேட்போம்.